பணம் யார் பெயரில் வருகிறது, உதவியாளர் எங்கே உட்காருகிறார்: சில நாடுகளின் உள்ளடங்கிய கல்விச் சேவை, ஒரு மதிப்புரை

1994இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் உட்பட எல்லாக் குழந்தைகளையும் பொதுப் பள்ளிகளே ஏற்க வேண்டும் (உள்ளடங்கிய கல்வி என்பது இதுதான்) என்று அறிக்கை வெளியிட்டார்கள். 2006இல் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை வந்தது. அதன் 24ஆவது உறுப்பு அந்த விருப்பத்தைச் சட்டக் கடமையாக்கியது. அதன்பிறகு எந்த நாட்டின் கொள்கை ஆவணத்தைப் புரட்டினாலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆவணங்களை அருகருகே வைத்துப் பார்ப்பதால் பெற்றோருக்கோ ஆசிரியருக்கோ பயனில்லை. பார்க்க வேண்டியது சேவையை. ஒரு குழந்தை தடுமாறுவதை ஆசிரியர் கவனித்த நாளுக்கும் முதல் உதவி வந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள்? அந்த உதவிக்கான பணம் யார் பெயரில் வருகிறது? உதவிக்கு வருபவர் வகுப்பறையில் எங்கே இருக்கிறார்? வராவிட்டால் யாரிடம் முறையிடலாம்?

இவற்றில் பணத்தின் வழிதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. குழந்தையின் மேல் ஒட்டிய குறைபாட்டு முத்திரையைத் தொடர்ந்து பணம் வந்தால், முத்திரை வாங்க வரிசை நீளும். வாங்கிவிட்டால் அதைக் காட்டி வழக்காடலாம். பணம் பள்ளிக்கு மொத்தமாக வந்தால் உதவி அடுத்த வாரமே தொடங்கலாம். ஆனால் பள்ளி அதைக் குறைத்துவிட்டால், 'இது என் பிள்ளைக்கு உரியது' என்று நீட்டக் கையில் காகிதம் இருக்காது. கீழே வரும் நாடுகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்பவைதாம்.

இத்தாலி

சேர்க்கையை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் இத்தாலிக்கு ஈடில்லை. 1971இல் தொடங்கிய மாற்றத்தை 1977ஆம் ஆண்டின் 517ஆம் எண் சட்டம் உறுதிசெய்து, தனி வகுப்புகளை ஒழித்தது. 1987இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மேல்நிலைப் பள்ளிக்கும் அந்த உரிமையை நீட்டியது. 1992இன் 104ஆம் எண் சட்டம் முழு அமைப்பையும் ஒன்றாகக் கட்டியது. இன்று மாற்றுத்திறனாளிக் குழந்தைகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் பொது வகுப்பில் இருக்கிறார்கள். அப்படி ஒரு குழந்தை உள்ள வகுப்பில் பொதுவாக 20 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. வகுப்பில் எண்ணிக்கை குறைவதால் மற்ற பிள்ளைகளுக்கும் லாபம் என்பதைப் பெற்றோர் கண்ணால் காண்கிறார்கள். எதிர்ப்பைக் கரைக்க இதைவிட நல்ல வழி வேறு எங்கும் இல்லை.

இத்தாலியின் மிகச் சிறந்த ஏற்பாடு உதவி ஆசிரியர் பதவி. சட்டப்படி அவர் குழந்தைக்கு நியமிக்கப்படுபவர் அல்ல, வகுப்புக்கு நியமிக்கப்படுபவர். வகுப்பின் மற்ற ஆசிரியர்களுக்குச் சமமான பொறுப்பும், எல்லா மாணவரையும் மதிப்பிடும் அதிகாரமும் அவருக்கு உண்டு. குழந்தையின் தனிக் கல்வித் திட்டத்தை வகுப்பாசிரியர்கள், பெற்றோர், சுகாதாரத் துறை வல்லுநர்கள் ஒரே குழுவாக உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

நடைமுறையில் சறுக்குவதும் இதே இடத்தில்தான். கணக்கு ஆசிரியர் பாடத்தை நடத்திக்கொண்டே போக, 'அந்தப் பிள்ளை உங்கள் பொறுப்பு' என்று உதவி ஆசிரியர் பக்கம் தள்ளிவிடுவது பரவலான பழக்கம். அடுத்த கட்டமாக, இருவரும் தனி அறைக்குப் போய்விடுகிறார்கள். வருகைப் பதிவேட்டில் பொது வகுப்பு, நிஜத்தில் தாழ்வாரக் கோடி. இதைவிடக் கடுமையான குறை ஆசிரியர் நிலைக்காதது. ஆண்டு ஒப்பந்தத்தில் வருகிறவர்கள் அதிகம். செப்டம்பரில் புது முகம் வந்து நிற்கிறது. சிறப்புப் பயிற்சி பெற்றவர்கள் போதாததால் பொதுப் பட்டியலிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். உதவி ஆசிரியர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் அந்தப் பயிற்சி இல்லாதவர். ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தை ஒருவரோடு பழகி, கண் பார்த்துப் பேச ஆறு மாதம் ஆகலாம். ஆண்டு முடிந்ததும் அந்த உழைப்பு முழுக்க அழிகிறது. 2024இல் வந்த ஆணை, ஒப்பந்த உதவி ஆசிரியர் தொடர வேண்டும் என்று குடும்பம் கேட்க வழி திறந்திருக்கிறது. தாமதமான திருத்தம், ஆனால் சரியான இடத்தில் கை வைத்த திருத்தம்.

அமெரிக்கா

ஐ.நா. உடன்படிக்கையில் 2009இல் கையெழுத்திட்டு இன்றுவரை ஏற்புறுதி செய்யாத நாட்டில்தான் பெற்றோர் கையில் மிக வலுவான காகிதம் இருக்கிறது. 1975இல் இயற்றப்பட்டு, 1990இல் பெயர் மாறி, 2004இல் திருத்தப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், 3 முதல் 21 வயதுவரை, 13 குறைபாட்டு வகைகளுக்கு, இலவசமான, பொருத்தமான பொதுக் கல்வியை உரிமையாக்குகிறது.

காலக்கெடு துல்லியமானது. பெற்றோர் ஒப்புதல் தந்த 60 நாளுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும் (மாநிலம் தனக்கென்று வேறு கெடு வைத்திருந்தால் அது). தகுதி உண்டு என்று முடிவான 30 நாளுக்குள் தனிக் கல்வித் திட்டக் கூட்டம். திட்டத்தை ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும், மறுமதிப்பீடு மூன்றாண்டுக்கொரு முறை. குழந்தை இப்போது எந்த நிலையில் இருக்கிறது, ஓராண்டில் அளந்து பார்க்கக்கூடிய இலக்கு என்ன, என்னென்ன சேவை, வாரம் எத்தனை முறை, எத்தனை நிமிடம், எந்த இடத்தில் என்பதெல்லாம் திட்டத்தில் இருக்க வேண்டும். பொது வகுப்பிலிருந்து விலக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் காரணம் எழுத வேண்டும். விளக்கம் சொல்லும் கடமை விலக்குகிறவர் மேல் விழுகிறது. மற்ற நாடுகளின் சட்டங்களில் இந்தத் திருப்பம் அரிது. பள்ளியின் மதிப்பீட்டை ஏற்காத பெற்றோர், அரசுச் செலவில் வெளி வல்லுநரின் மதிப்பீடு கோரலாம். பள்ளி அதைத் தர வேண்டும். இல்லையெனில் விசாரணையில் தன் மதிப்பீட்டை நியாயப்படுத்த வேண்டும். தகராறு முடியும்வரை குழந்தை இருந்த இடத்திலேயே இருக்கும். 2017இல் உச்ச நீதிமன்றம், பெயருக்கு ஏதோ முன்னேற்றம் என்பது போதாது, அந்தக் குழந்தையின் சூழலுக்கு ஏற்ற முன்னேற்றம் வேண்டும் என்று அளவுகோலை உயர்த்தியது. சட்டத்தின்கீழ் வரும் மாணவரில் ஏறக்குறைய மூன்றில் இருவர் பள்ளி நேரத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பொது வகுப்பில் இருக்கிறார்கள்.

குறை இரண்டு. ஒன்று பணம். கூடுதல் செலவுக்காக, சராசரி மாணவர் செலவில் 40 விழுக்காடு வரை மைய அரசு தரும் என்று 1975இல் சொன்னார்கள். ஒருமுறைகூட அது முழுதாக வந்ததில்லை. அண்மை ஆண்டுகளில் 15 விழுக்காட்டுக்கும் கீழே. மீதிச் சுமை மாநிலத்துக்கும், பள்ளிகளை நடத்தும் உள்ளூர்ப் பள்ளி வட்டாரத்துக்கும். சுமை அழுத்தும்போது என்ன நடக்கும் என்பதற்கு டெக்சாஸ் சான்று. 2004இல் அந்த மாநிலம், சிறப்புக் கல்வி பெறுவோர் 8.5 விழுக்காட்டுக்குள் இருக்கிறார்களா என்பதை வட்டாரங்களைக் கண்காணிக்கும் குறியீடாக வைத்தது. வட்டாரங்கள் அதை உச்சவரம்பாகவே எடுத்துக்கொண்டன. தகுதியுள்ள குழந்தைகள் மதிப்பீட்டுக்கே போகாமல் தடுக்கப்பட்டார்கள். 2018இல் மைய கல்வித் துறை அது சட்டமீறல் என்று கண்டறிந்தது. ஓர் அலுவலகக் குறியீடு ஒரு தலைமுறைக் குழந்தைகளின் கல்வியைத் தின்னும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இரண்டாவது குறை, உரிமை முறையீட்டில் தொங்குவது. கூட்டத்துக்கு வழக்கறிஞரை அழைத்துவர முடிந்த பெற்றோருக்கு ஒரு திட்டம், வேலையை விட்டுவிட்டு வர முடியாதவருக்கு வேறொரு திட்டம். போன ஆண்டின் இலக்குகள் பெயர்கூட மாறாமல் இந்த ஆண்டுக்குப் பிரதியெடுக்கப்படுவதும் உண்டு. திட்டம் கையில் வந்தவுடன் முதலில் போன ஆண்டுத் திட்டத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

இங்கிலாந்து

2014ஆம் ஆண்டுச் சட்டம், கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றையும் ஒரே திட்டத்தில் சேர்த்து, 25 வயதுவரை நீட்டித்தது. எண்ணம் அருமை. விண்ணப்பித்த 6 வாரத்துக்குள் மதிப்பீடு செய்வதா இல்லையா என்று உள்ளாட்சி சொல்ல வேண்டும். 20 வாரத்துக்குள் இறுதித் திட்டம் வர வேண்டும். அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய பாதித் திட்டங்களே அந்தக் கெடுவுக்குள் வருகின்றன.

ஏன் என்று பார்த்தால், மதிப்பிடுவதும் செலவை ஏற்பதும் ஒரே உள்ளாட்சி. ஒவ்வொரு 'சரி'யும் அதன் கணக்கில் கடன். தீர்ப்பாயத்தில் முடிவுவரை போகும் முறையீடுகளில் 10க்கு 9க்கும் மேல் பெற்றோர் பக்கம் தீர்ப்பாகிறது. அப்படியானால் அங்கே வரை போன 'இல்லை'களில் பெரும்பாலானவை தவறு என்றுதானே பொருள்? இடையில் போன மாதங்களைக் குழந்தைக்கு யாரும் திருப்பித் தருவதில்லை. பள்ளியின் நிலையும் சிக்கல்தான். ஒரு குழந்தையின் கூடுதல் செலவில் முதல் 6,000 பவுண்டைப் பள்ளி தன் வரவுசெலவிலிருந்தே போட வேண்டும். மனமுவந்து அதிகம் பேரைச் சேர்க்கும் பள்ளிக்கு இதனால் நட்டம். நல்லது செய்பவரைத் தண்டிக்கும் சூத்திரம்.

திட்டம் கிடைத்தவர்கள் உன்னிப்பாகப் படிக்க வேண்டியது 'எஃப்' பிரிவு. தரப்படும் உதவிகள் அங்கேதான் இருக்கும், சட்டம் கட்டுப்படுத்துவதும் அதைத்தான். 'தேவைக்கேற்ப பேச்சுப் பயிற்சிக்கு வாய்ப்பு' என்று எழுதியிருந்தால் ஒன்றுமே எழுதவில்லை என்று பொருள். 'வாரம் ஒருமுறை, 45 நிமிடம், பேச்சுச் சிகிச்சையாளர் நேரில்' என்று இருந்தால்தான் வராத வாரத்தைக் கணக்குக் கேட்கலாம். இறுதியாக்கும் முன் வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லக் குறைந்தது 15 நாள் தர வேண்டும். அந்த 15 நாளில் இந்தத் திருத்தத்தைக் கேட்டுவிட வேண்டும்.

வகுப்பறைக்குள் இங்கிலாந்து உலகுக்குக் கற்றுத்தந்த பாடம் ஒன்று உண்டு. 2009இல் முடிந்த பெரிய ஆய்வொன்றில், ஆசிரியர் அல்லாத வகுப்பு உதவியாளரின் ஆதரவு அதிகம் கிடைத்த குழந்தைகள் அதே நிலையிலுள்ள மற்றவர்களைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். உதவியாளர்கள் அக்கறையற்றவர்கள் அல்லர். அவர்கள் பக்கத்தில் ஒட்டி உட்காரும்போது ஆசிரியர் அந்தக் குழந்தையோடு பேசுவது குறைகிறது. வேலையை முடித்துக் காட்ட வேண்டுமே என்று உதவியாளர் தாமே விடையைச் சொல்லிவிடுகிறார். மிக அதிகம் தடுமாறும் குழந்தைக்கு மிகக் குறைந்த பயிற்சி பெற்றவர் ஆசிரியராகிவிடுகிறார். ஆகவே 'என் பிள்ளைக்கு முழுநேர உதவியாளர்' என்ற கோரிக்கையை வைக்கும் முன் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. சில மணி நேரம் உதவியாளர் மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, ஆசிரியர் இந்தக் குழந்தையோடு உட்காரும்படி கேட்பது பலமடங்கு பயன் தரும்.

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணம் இதைக் கொள்கையாகவே எழுதிவைத்திருக்கிறது. 1986இல் சட்டம், 2013இல் 322ஆம் எண் கொள்கை. தனி வகுப்பு கிடையாது. சிறப்பாசிரியர் தம் நேரத்தில் குறைந்தது 60 விழுக்காட்டை வகுப்பாசிரியருக்குத் துணை நிற்பதில் செலவிட வேண்டும். நேரடியாகக் குழந்தைகளைத் தனியே வைத்துக் கற்பிக்க 25 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. காகித வேலைக்கு 15. இத்தனை தெளிவான நேரப் பங்கீடு வேறெங்கும் காணக் கிடைப்பதில்லை. எந்தப் பள்ளியும் செலவில்லாமல் நாளையே கடன் வாங்கலாம்.

பின்லாந்து, போர்ச்சுகல்

மருத்துவச் சான்றிதழ் இல்லாமலேயே உதவி தொடங்கும் நாடுகள் இவை. பின்லாந்தில் 2011 முதல் பொது, தீவிர, சிறப்பு என மூன்றடுக்கு ஆதரவு இருந்தது. ஐந்தில் ஒரு மாணவருக்கும் மேல் ஏதோ ஒரு கட்டத்தில் பகுதிநேரச் சிறப்பாசிரியரிடம் போய் வருகிறார்கள். வாசிப்பில் தடுமாறும் ஏழு வயதுக் குழந்தை வாரத்தில் இரண்டு மணி நேரம் அந்த அறைக்குப் போவது அங்கே வெட்கமோ பேச்சோ இல்லாத சாதாரண விஷயம். இத்தனை பேர் போகும்போது முத்திரை என்பதே மங்கிவிடுகிறது. ஆனால் அடுக்குக்கு அடுக்கு ஆவணம் குவிந்தது. நகராட்சிக்கு நகராட்சி உதவி வேறுபட்டது. 2025 ஆகஸ்ட் முதல் மூன்றடுக்கைக் கைவிட்டு, முடிவாணை (அதிகாரபூர்வ எழுத்து முடிவு) தேவைப்படாத குழு ஆதரவு, முடிவாணையோடு வரும் தனிமாணவர் ஆதரவு என்று பிரித்திருக்கிறார்கள். பின்லாந்தைப் புகழ்பவர்கள் மறப்பது ஒன்று: தனி வகுப்புகள் அங்கே இன்னும் இருக்கின்றன. அது வேகமான உதவிக்கு முன்மாதிரி. முழுச் சேர்க்கைக்கு அல்ல.

போர்ச்சுகல் 2018இன் 54ஆம் எண் ஆணையால் 'சிறப்புத் தேவை மாணவர்' என்ற வகைப்பாட்டையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. எல்லோருக்குமான நடவடிக்கை, தேர்ந்தெடுத்த நடவடிக்கை, கூடுதல் நடவடிக்கை என்று உதவியைத்தான் வகைப்படுத்துகிறார்கள், பிள்ளையை அல்ல. பழைய சிறப்புப் பள்ளிகள் பல, பொதுப் பள்ளிகளுக்கு வல்லுநர்களை அனுப்பும் வள மையங்களாக மாறின. எழுதிய சட்டங்களில் இதுவே மிக நேர்த்தியானது. குறை, வள மையச் சிகிச்சையாளர் பல பள்ளிகளுக்கு அலைவதால் ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் நேரம் குறுகிவிடுவது.

பிரேசில்

பணச் சிக்கலுக்கு அறிவார்ந்த விடை பிரேசிலில் இருக்கிறது. பொது வகுப்பில் படித்துக்கொண்டே, மறுவேளையில் (காலையில் வகுப்பென்றால் மாலையில்) கருவிகள் உள்ள வளவகுப்பறையில் சிறப்புப் பயிற்சியும் பெறும் மாணவரை, அடிப்படைக் கல்வி நிதி இரண்டு முறை எண்ணுகிறது. பிள்ளையைப் பொது வகுப்பிலிருந்து விலக்கினால் பள்ளி அமைப்புக்கு ஒரு பங்கு போய்விடும். சேர்ப்பதே லாபம் என்று கணக்கைத் திருப்பிவிட்டார்கள். பயிற்சி மறுவேளையில் நடப்பதால் பாட நேரமும் வெட்டுப்படுவதில்லை. 2015ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் பள்ளிகள் கூடுதல் கட்டணம் வாங்குவதைத் தடை செய்தது. பள்ளி உரிமையாளர்கள் வழக்குப் போட்டும் 2016இல் உச்ச நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. 2020இல் சிறப்புப் பள்ளிகளை மீட்கப் பார்த்த ஓர் ஆணை, அதே நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டு, 2023இன் முதல் நாளில் விலக்கப்பட்டது. பலவீனம், பரந்த நாட்டில் ஊருக்கு ஊர் வேறுபடும் தரம். அறையில் கருவிகள் வந்து சேர்ந்திருக்கும், இயக்கத் தெரிந்த ஆசிரியர் வந்திருக்க மாட்டார்.

ஜெர்மனியும் ஜப்பானும் சுருக்கமாக. ஜெர்மனி 2009இல் உடன்படிக்கையை ஏற்றது. பொது வகுப்பில் 'ஆதரவுத் தேவை' முத்திரை பெற்ற மாணவரின் எண்ணிக்கை ஏறியது, சிறப்புப் பள்ளிகளின் பங்கு பெரிதாகக் குறையவில்லை. முன்பு முத்திரை இல்லாமலே அங்கிருந்தவர்களுக்கு இப்போது முத்திரை குத்தப்படுகிறது, ஏனெனில் பணம் அதைத்தான் தொடர்கிறது. ஜப்பான் 2022 ஏப்ரலில், சிறப்பு வகுப்பு மாணவர் வாரப் பாடவேளையில் பாதிக்குக் குறையாமல் அங்கேயே இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. அதைத் திரும்பப் பெறுமாறு உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு அதே ஆண்டு கேட்டுக்கொண்டது.

இந்தியா

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 31ஆவது பிரிவு, 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுக் குழந்தைக்கு, அருகமைப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி தருகிறது. அது 14 வயதோடு நிற்கும் கல்வி உரிமைச் சட்டத்தைவிட நான்கு ஆண்டு அதிகம். பள்ளிகளே பலமுறை மறந்துவிடும் விவரம். பொதுத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்றவை பரவலாக நடைமுறையில் உள்ளன. தேர்வுச் சலுகையில் இந்தியா பல நாடுகளுக்குச் சளைத்ததில்லை.

வாரநாள் வகுப்பறைதான் பின்தங்குகிறது. மைய அரசின் பள்ளிக்கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை. உதவிக் கருவி, முகாம், பயணப்படி எல்லாம் அதற்குள். மாணவியருக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதம் உதவித்தொகை. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளைச் சுற்றி வருகிறார். அவர் வராத நாளில் வகுப்பாசிரியருக்குக் கைவசம் எதுவும் இல்லை. 2021 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றம், தொடக்கநிலையில் 10 மாற்றுத்திறனாளி மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் 15க்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதம் வகுத்தது. 2025 மார்ச்சிலும், பணியிடங்களை அறிவியுங்கள் என்று மாநிலங்களுக்கு அதே நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. இன்னொரு சிக்கல் 'இல்லம்சார் கல்வி'. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் கடும் குறைபாடுள்ளோருக்கு இதைத் தெரிவாகத் தந்தது. சாய்தளமும் கழிப்பறையும் இல்லாத பள்ளிக்கு அது வசதியான வெளியேற்ற வழியாகிவிடக் கூடாது. வீட்டுக்கல்விக்குச் சம்மதம் கேட்டு வந்தால், பெற்றோர் மூன்றை எழுத்தில் கேட்க வேண்டும்: பயிற்றுநர் வாரம் எத்தனை நாள் வருவார், பள்ளிக்குத் திரும்பும் நாளுக்கு என்ன ஏற்பாடு, அதுவரை எந்தத் தடையைப் பள்ளி நீக்கும்.

காதுகேளாத குழந்தை

மேலே சொன்ன அளவுகோல்கள் எல்லாம் இங்கே தலைகீழாகும். சைகை மொழி தெரிந்த ஒருவர்கூட இல்லாத பொது வகுப்பில் காதுகேளாத குழந்தையை உட்காரவைப்பது சேர்க்கையே அல்ல. கண்ணாடிக்குப் பின்னால் வைப்பதுதான். உடன்படிக்கையின் 24ஆவது உறுப்பே, மொழியும் சமூக வளர்ச்சியும் நிறைவடையும் சூழல் வேண்டும் என்று தனியே சொல்கிறது. 99 விழுக்காடு சேர்க்கை கண்ட இத்தாலி தன் சைகை மொழியை 2021இல்தான் சட்டப்படி ஏற்றது. பிரேசில் 2002இலேயே ஏற்று, 2021இல் காதுகேளாதோருக்கான இருமொழிக் கல்வியைத் தனிக் கல்விமுறையாகச் சட்டத்தில் சேர்த்தது: முதல் மொழி சைகை, இரண்டாம் மொழி எழுத்து வடிவப் போர்ச்சுகீசியம். இந்த ஒரு பிரிவில் பிரேசிலுக்கே முதலிடம். காதுகேளாத குழந்தைக்குப் பள்ளி தேடுபவர்கள் சேர்க்கை விழுக்காட்டைப் பார்க்க வேண்டாம். சைகையில் பேசும் வளர்ந்தோர் எத்தனை பேர், சைகையில் பேசும் பிள்ளைகள் அதே வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். விடை ஒன்றும் ஒன்றும் என்றால், அந்த ஓர் ஆள் விடுப்பில் போகும் நாளில் உங்கள் பிள்ளை பேச யாருமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.